சாவி இரண்டரைச் சுற்று

இரண்டு சுற்று சுற்றி,
கதவைக் கொஞ்சம் நம் பக்கம் இழுத்து,
அப்புறம் அரைச் சுற்று.
ஏழு மாதம் கழித்தும் கை மறக்கவில்லை.
எனக்குத்தான் மறந்துவிட்டது.

உள்ளே ஒல்யாவ் ஊரின் ஈரம்.
அலமாரியில் செருப்புக்குப் பச்சை மீசை.
சுவர்க் கடிகாரம் ஜூலையில் ஏதோ ஒரு நாள்
நாலு பத்துக்குக் களைத்திருக்கிறது.
கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன்:
இரண்டு தேநீருக்குத் தேறும்.

நார்வேயின் வடகோடியில் முப்பத்தொரு பனிக்காலம்
பனி தள்ளும் வண்டி ஓட்டியவள் நான்.
சொன்னால் சிரிப்பார்கள்,
வாழ்நாளில் நான் அதிகம் நடுங்கியது
தென் போர்ச்சுகலின் இந்த அறையில்தான்.
வெளியே ஆரஞ்சு பழுக்கும் வெயில்;
உள்ளே கம்பளிக்குள் கம்பளி.
ஹீட்டரையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால்
வீடே கண்ணை மூடிக்கொள்ளும்.
அதையும் மறந்திருந்தேன்.
இருட்டில் நின்று என் மொழியில் நன்றாகத் திட்டினேன்.

கீழ்வீட்டு க்ராஸியெத் மெழுகுவர்த்தியோடு வந்தாள்.
தண்ணீர் பில் இரண்டு,
நான் விட்டுப்போன குடை.
"இளைத்துவிட்டாய்" என்றாள், குற்றம்போல.
பதிலுக்கு வாயைத் திறந்தால்
அவள் மொழியின் இறந்தகாலம் மொத்தமும்
எங்கோ இறங்கிப் போயிருந்தது.
"நான் வருகிறேன் நேற்று" என்றேன்.
"ஆமாம், நீ வருகிறாய் நேற்று" என்று
அதே இலக்கணத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

விடிகாலை மூன்றுக்கு உடம்பு எழுந்துவிட்டது.
ஓய்வு பெற்ற சேதியை அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
ஜன்னலைத் திறந்து,
எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்த்தேன்.
ஒன்றும் விழுந்திருக்கவில்லை.
ஒரு நாய். வற்றிய காயலின் சேற்று மணம்.
தள்ளுவதற்கு எதுவுமில்லாத தெரு.

சனிக்கிழமைச் சந்தையில்
மீன்கார ஸெஃபெரீனு தூரத்திலேயே கையைத் தூக்கினான்.
இவனுக்கு என்னை நினைவிருக்கிறது!
கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு
கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.
அரைக்கிலோ மட்டி நிறுத்தான்.
பிறகு குனிந்து, கேட்காமலே,
செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்:
"உன் பூனைக்கு, டோனா மார்லேன்."

எனக்குப் பூனை இல்லை.
மார்லேன் டச்சுக்காரி, மூன்றாவது தெரு,
சிவப்புக் கண்ணாடி, என் உயரம்.
இந்த வருடம் அவள் வரவில்லை.
ஏன் என்று பிறகு க்ராஸியெத்திடம் கேட்டேன்.
துணி காய்ந்ததா என்று
கொடியைத் தொட்டுப் பார்த்தாள், வெகுநேரம்.

ஸெஃபெரீனுவைத் திருத்தியிருக்கலாம்.
திருத்த இறந்தகாலம் வேண்டுமே.
நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

மொட்டைமாடியில் ஒரு தட்டு, மூன்று மீன் தலைகள்.
ஞாயிறு, கடற்காகங்கள் வந்தன.
மீதியை ஐஸில் வைத்துத் திங்களும் போட்டேன்,
திங்களும் கடற்காகங்களே.
செவ்வாயன்று க்ராஸியெத் ஏறிவந்து
நாற்றம், நாற்றம் என்று கத்தினாள்;
ஒரு தலையை அவளே ஓரமாக நகர்த்தியும் வைத்தாள்.
வியாழன் இரவு
காது கிழிந்த சாம்பல் நிறம் ஒன்று
சுவரோரம் உட்கார்ந்து என்னை முகர்ந்தது.
நான் மார்லேன் இல்லை என்று
அதற்கு உடனே தெரிந்துவிட்டது.
ஆனாலும் தின்றது.

மகன் ஐவின் அழைத்தான், ஆல்தாவிலிருந்து.
அங்கே சூரியன் போயாகிவிட்டதாம்,
இனி ஜனவரியில்தானாம்.
"எப்போ திரும்புவே?"
திரும்பித்தானே வந்திருக்கிறேன் என்று சொல்ல வந்து
"ஏப்ரல்" என்றேன்.

பெட்டி கட்டிலுக்கடியில் பாதி திறந்து கிடக்கிறது.
கீழே இருப்பவை கோடைச் சட்டைகள்;
அவற்றுக்கு அவசரமில்லை.

நாளை சனி.
கேஸ் சிலிண்டர். கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி.
மட்டி அரைக்கிலோ.
தலைகள், அவன் தந்தால்.